பன்னிரண்டாவது லிங்க்

அத்தியாயம் 14

மாமியாரும் மருமகளும் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனால் பார்க்கிறவர்கள் இரண்டு காரணம்தான் நினைப்பார்கள். ஒன்று கோயில், இல்லாவிட்டால் கோர்ட்டு. வடக்கனந்தலில் வெள்ளிமலை பஸ் ஏறிய கொளஞ்சியம்மாளும் நிர்மலாவும் இரண்டுக்கும் போகவில்லை. பரீட்சைக்குப் போனார்கள்.

பரீட்சை நிர்மலாவுக்கு. மதிப்பெண் போடப் போகிறவள் நர்மதா. போன வாரம் நம்மையெல்லாம் அந்த இடத்தில்தானே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

நர்மதா இந்த வீட்டின் இளைய மருமகள். ஆனால் இந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. கொளஞ்சியம்மாள் தன் அண்ணன் இருசப்பனின் மகள் அபிநயாவைத்தான் சின்ன மகன் சந்தோஷுக்கு என்று மனதில் முடிந்து வைத்திருந்தாள். அவனோ கல்வராயன் மலைப் பெண் ஒருத்தியைப் பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக் கட்டிக்கொண்டான். அதற்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. தாயும் மகனும் பேச்சை நிறுத்தியும் அதே பதினான்கு மாதம். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் சந்தோஷ் மாதம் ஒரு முறை மலைக்கு வருவான். வரும்போதும் போகும்போதும் பஸ் அவன் தாய் வீட்டைத் தாண்டித்தான் போகும். அவன் இறங்கியதில்லை.

மூத்த மருமகள் நிர்மலா கெட்டிக்காரி. மாமியாரோடு களை வெட்டப் போய்க்கொண்டிருந்தவள், இப்போது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வீரமணி நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று மாதமாக வெப்சைட் வேலை பழகுகிறாள். தனியாக அவள் செய்த முதல் வெப்சைட், மலைப் பெண்களின் சிறுதானியச் சங்கத்துக்கு. ஒரு வாரமாக அது வெள்ளோட்டத்தில் இருக்கிறது. இன்று சங்கம் சரி என்று சொன்னால் சென்டரில் வேலை நிரந்தரம். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் மறுபடியும் களைக்கொத்து. வீரமணி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்தாலும் சொன்னது சொன்னதுதான்.

சங்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் செயலாளர் நர்மதா என்பது நிர்மலாவுக்குப் போன வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

“நீங்க எதுக்கு அத்தே வர்றீங்க? ஒரு நாள் கூலி போச்சே” என்றாள் நிர்மலா.

“போனாப் போவுது. அவ உன்ன இன்னா பண்றான்னு நான் பாக்கணும்.”

“வெப்சைட்டப் பாக்கப் போறாங்க. அவ்ளோதான்.”

“அவ்ளோதான்னா ரெண்டு இட்லியோட ஏன் எழுந்துட்ட?”

நர்மதாவை இந்த வீடு ஒதுக்கியபோது நிர்மலாவும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மாமியார் பேசப் பேச உம் கொட்டியவள்தான். அந்த உம்முக்கெல்லாம் இன்று வட்டி கட்ட வேண்டியிருக்கும் என்று அவள் மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

பஸ் மலை ஏறத் தொடங்குமுன் கொளஞ்சியம்மாள் போனை எடுத்தாள். ‘கொளஞ்சி குடும்பம்’ என்று ஒரு வாட்ஸப் குரூப். சொந்தக்காரர்கள் இருபத்து மூன்று பேர். தினமும் காலையில் அதில் குரல் பதிந்து அனுப்பாவிட்டால் அவளுக்குக் காப்பி இறங்காது. யார் வீட்டில் என்ன விசேஷம், யாருக்கு உடம்புக்கு முடியவில்லை, எல்லாம் அந்தக் குரலில் வந்துவிடும். இன்றைக்கும் மைக்கை அழுத்திப் பிடித்தாள்.

“எல்லாருக்கும் வணக்கம். அண்ணே, நானும் நிர்மலாவும் மலைக்குப் போய்க்கினு இருக்கறோம். மூத்தவ பொழப்பு அந்த மலைக்காரி கையில போயி மாட்டிக்கினு இருக்குது. எம்புள்ளய இட்டுக்கினு போனது பத்தாதுன்னு இவ வேலயையும் கெடுக்கப் பாக்கறா. நானும் பாக்கறேன் அவ இன்னா பண்றான்னு.”

பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நிர்மலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சங்கக் கட்டடம் ஒரே அறை. உள்ளே சாமை மூட்டைகள், ஒரு மேஜை, தரையில் விரித்த பாய். பாயில் பத்துப் பெண்கள். வாசலில் நின்ற நர்மதா, “வாங்கக்கா” என்றாள். பிறகு ஒரு விநாடி தயங்கி, மாமியாரைப் பார்த்து, “வாங்க” என்றாள். முறை வைக்காத அந்த ‘வாங்க’வுக்குக் கொளஞ்சியம்மாள் தலையை அசைத்தாளா, இல்லை முந்தானையைச் சரி செய்தாளா என்பது அவளுக்கே வெளிச்சம்.

நிர்மலா பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். நர்மதா அதற்கு இடமே கொடுக்கவில்லை.

“நீங்க ஒண்ணும் சொல்லித்தர வாணாங்க்கா. நானும் சொல்ல மாட்டேன். சாலம்மாக்கா, ஒங்க ஊருக்குச் சாமை ஏத்தற வண்டி என்னிக்கி வருதுன்னு இதுல பாத்துச் சொல்லுங்க” என்று சங்கத் தலைவி சாலம்மாளிடம் தன் போனை நீட்டினாள்.

சாலம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். தமிழ் நன்றாகப் படிப்பாள். போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பக்கம் பூராவும் எழுத்து. நடுநடுவே நீல நிறத்தில், தொட்டால் வேறு பக்கத்துக்குக் கொண்டுபோகும் லிங்க்குகள். எல்லா நீலத்திலும் ஒரே வார்த்தைதான் இருந்தது. இங்கே தொடவும். இங்கே தொடவும். இங்கே தொடவும்.

“எந்த இங்கே?” என்றாள் சாலம்மாள்.

அவள் முதல் நீலத்தைத் தொட்டாள். திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

“சுத்துது.”

எல்லோரும் காத்திருந்தார்கள்.

“இன்னமும் சுத்துது.”

அது சங்கத்தின் ஆண்டறிக்கை. நாற்பது போட்டோ போட்ட கனமான ஃபைல். சென்டரில் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். மலையில் ஒரு கோடு சிக்னலில் அது ஏறி வருவதற்குள் அடுத்த ஆண்டறிக்கையே வந்துவிடும் போலிருந்தது. சாலம்மாள் விட்டுவிட்டு அடுத்த நீலத்தைத் தொட்டாள். விரல் தடியானது, இரண்டு லிங்க்குகளும் ஒட்டிக்கொண்டு இருந்தன, ஆக அவள் தொட நினைத்தது ஒன்று, பட்டது ஒன்று. ஏதோ ஒரு துறையின் முகப்புப் பக்கம் இங்கிலீஷில் வந்து நின்றது. திரும்பி வரலாம் என்று பின்னால் போகும் பட்டனை அழுத்தினாள். பக்கம் அசையவில்லை. ஒவ்வொரு லிங்க்கும் புதுப் பக்கமாகத் திறக்கும்படி நிர்மலா செய்து வைத்திருந்ததால், பழைய பக்கம் அதற்கு அடியில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது.

“மூணாவதா இருக்கற இங்கேல இருக்குதுங்க” என்று நிர்மலா தாங்க முடியாமல் சொல்லிவிட்டாள்.

“அவங்க வூட்டுல தனியா பாக்கும்போது நீங்க பக்கத்துல குந்திக்கினு சொல்ல மாட்டீங்களேக்கா” என்றாள் நர்மதா. குரலில் குத்தல் இல்லை. அதனாலேயே நிர்மலாவுக்கு ஜாஸ்தியாகக் குத்தியது.

சாலம்மாள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “கடுக்கா பொறுக்கப் போறப்போ, வழி ரெண்டாப் பிரியற எடத்துல முன்னாடி போறவ ஒரு தழைய ஒடிச்சிப் போட்டுட்டுப் போவா. தழை கெடக்கற வழியில போவாதன்னு அர்த்தம். பின்னாடி வர்றவ கொழம்ப மாட்டா. இந்தப் பொண்ணு எல்லா வழியிலயும் தழையப் போட்டு வெச்சிருக்குது.”

பாயில் சிரிப்பு எழுந்தது. கொளஞ்சியம்மாள் சிரிக்கவில்லை. அறை மூலையில் ஒரு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, ‘நான் சொன்னேன்ல’ என்கிற முகத்தோடு மருமகளைப் பார்த்தாள்.

நிர்மலாவுக்குக் களைக்கொத்தின் பிடி உள்ளங்கையில் உறுத்தியது. லிங்க் அதிகம் இருந்தால் வேலை அதிகம் செய்த மாதிரி தெரியும் என்றுதான் அவள் வாரி இறைத்திருந்தாள். வீரமணிகூட, “அடேயப்பா, இவ்ளோ லிங்க்கா” என்று மெச்சினார். எந்த வழியாக யார் வரப்போகிறார்கள் என்று அவளும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

நர்மதா ஒரு நோட்டைத் திறந்தாள். “பன்னண்டு எடத்துல கோளாறு இருக்குது” என்று ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் படித்தாள். ‘சாமை’ என்ற வார்த்தை ஒரே பக்கத்தில் பதினெட்டு இடத்தில் நீலமாக இருக்கிறது, பதினெட்டும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. விதை மானிய விண்ணப்பத்துக்கான லிங்க் போன வருஷத்துப் பக்கத்துக்குப் போகிறது, அந்தப் பக்கமே இப்போது இல்லை. நீலத்துக்கு அடியில் கோடு இல்லாததால் வெயிலில் பார்த்தால் எது லிங்க், எது வெறும் எழுத்து என்று தெரியவில்லை. இப்படி ஒவ்வொன்றுக்கும் எந்த நாள் பார்த்தாள், எந்த இடத்தில் நின்று பார்த்தாள் என்பது வரை எழுதி வைத்திருந்தாள்.

நிர்மலா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். ஆள் மாட்டிக்கொண்டால் இப்படித்தான் அடிப்பார்கள் என்று முதலில் தோன்றியது. மூன்றாவது, நான்காவது வரும்போது அது மாறிவிட்டது. இந்த வெப்சைட்டை உருப்படியாக, கடைசி எழுத்து வரை படித்த ஒரே ஆள் இவள்தான் என்பது அவளுக்கு உறைத்தது. செய்தவளே அப்படிப் படிக்கவில்லை.

நர்மதா நோட்டை மூடினாள்.

“பன்னண்டுன்ன, பதினொண்ணுதான படிச்ச?” என்றாள் சாலம்மாள். மூட்டை எண்ணிப் பழகியவள்.

“அது ஒண்ணு நான் அக்காகிட்ட அப்பால சொல்லிக்கறேன்.”

பிறகு அவள் பெண்களைப் பார்த்துச் சொன்னதுதான் நிர்மலா எதிர்பார்க்காதது. “எழுதியிருக்கற தமிழு நமக்குப் புரியுது. படம் நல்லா இருக்குது. வேல தெரிஞ்சவங்க செஞ்சதுதான். வழிதான் கோணலா இருக்குது. அத இங்கயே குந்தி ரெண்டு மணி நேரத்துல நேராக்கிடலாம். அதுக்கு அப்பால சரியா இல்லையான்னு சொல்லுங்க.”

மூலையில் கட்டியிருந்த கைகள் லேசாகத் தளர்ந்ததை நிர்மலா பார்த்தாள்.

இரண்டு பேரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். நிர்மலாவின் லேப்டாப், நர்மதாவின் போனிலிருந்து வரும் ஒரு கோடு நெட். ‘இங்கே தொடவும்’ எல்லாவற்றையும் முதலில் தூக்கினார்கள். அதற்குப் பதில் போகிற இடத்தின் பெயரையே லிங்க்காக வைத்தார்கள். ‘உங்கள் ஊருக்கு வண்டி வரும் நாள்.’ ‘சாமை அரைக்கும் மில் எந்த ஊரில் இருக்கிறது.’ அக்கம்பக்க எழுத்தைப் படிக்காமல் நீலத்தை மட்டும் படித்தாலே எங்கே போகிறோம் என்று புரிந்தது.

“ஆண்டறிக்கைய எடுத்துடலாமா?” என்று கேட்டாள் நிர்மலா.

“எடுக்க வாணாங்க்கா. பெரிய ஃபைலு, நேரம் ஆவும்னு அதுலயே எழுதிடுங்க. வேணுங்கறவங்க நின்னு எடுத்துக்குவாங்க. சொல்லாம இழுத்துக்கினு போறதுதான் தப்பு.”

“வெளி வெப்சைட்டுக்குப் போற லிங்க்?”

“வெளிய போவுதுன்னு சொல்லிடுங்க. அவங்க மொத பக்கத்துல எறக்கி வுடாம, நமக்கு வேணுங்கற பக்கத்துலயே எறக்கி வுடுங்க.”

“ஒனக்கு இதெல்லாம் யாரு சொன்னது?”

நர்மதா சிரித்தாள். “கீழ நீங்க தப்பா தொட்டா ஒடனே திரும்பிக்கலாம். எங்க ஊருல பாறை மேல ஏறினாத்தான் சிக்னலு. விறகு வெட்டறத வுட்டுட்டு ஏறி வந்து, தப்பா தொட்டா, அன்னிக்கிப் பொழுது போச்சி. நாலு வாட்டி பொழுது போச்சின்னா யாரா இருந்தாலும் கத்துக்குவாங்க.”

கெட்டிக்காரத்தனத்தில் தனக்கு நிகர் இந்தக் குடும்பத்தில் யாரும் இல்லை என்று நிர்மலா ரொம்ப நாளாக நினைத்திருந்தாள். இருக்கிறாள். பதினான்கு மாதமாக இருக்கிறாள். பொறாமைப்பட வேண்டிய இடத்தில் அவளுக்கு மனம் நிறைந்து போயிற்று. இவளை வைத்துக்கொண்டா வேண்டாம் என்றோம் என்று வெட்கமாகவும் இருந்தது. பதினெட்டுச் சாமையில் பதினேழை நீலம் நீக்கினாள். சங்கத்தின் போன் நம்பரைத் தொட்டாலே கூப்பிடும்படி செய்தாள். லிங்க்குக்கும் லிங்க்குக்கும் நடுவில் ஒரு கட்டை விரல் இடம் விட்டாள்.

மணி ஒன்றரை ஆனது. சாலம்மாள் எழுந்து வந்தாள்.

“எங்களுக்கு இப்ப எது எங்க இருக்குதுன்னு தெரிஞ்சி போச்சி. நாங்க பாத்தா பரீட்ச ஆவாது. இதப் பாக்காத ஆளு யாராச்சும் பாக்கணும்.”

அறையில் அப்படிப்பட்ட ஆள் ஒரே ஒருத்திதான் இருந்தாள். எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள்.

“எனக்கு இன்னா தெரியும்” என்றாள் கொளஞ்சியம்மாள். “நான் அஞ்சாவதோட நின்னவ.”

“அதான் வேணும்” என்றாள் சாலம்மாள்.

நர்மதா தன் போனை எடுத்துக்கொண்டு போய் மாமியாருக்கு எதிரே முழங்கால் மடக்கி உட்கார்ந்து நீட்டினாள். அதை வாங்காவிட்டால் நிர்மலாவின் வேலை நிலைக்காது. வாங்கினால் ‘அந்த மலைக்காரி’ கையிலிருந்து வாங்க வேண்டும். கொளஞ்சியம்மாள் நிர்மலாவைப் பார்த்தாள். ஒரு ஆளாவது நிழலில் உட்கார்ந்து பிழைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவள் அவள்தான். வாங்கிக்கொண்டாள்.

“வெள்ளிமலைக்கு வண்டி என்னிக்கி வருதுன்னு சொல்லுங்க” என்றாள் சாலம்மாள்.

கொளஞ்சியம்மாள் எழுத்துக் கூட்டினாள். “உங்... கள் ஊருக்கு... வண்டி வரும் நாள்.” தொட்டாள். ஊர்ப் பெயர்கள் வந்தன. தொட்டாள். “செவ்வாக் கெழம. காலைல பத்து மணி. கோயிலு பக்கத்துல.”

பாயில் இருந்த பெண்கள் கை தட்டினார்கள். வாழ்நாளில் முதன்முறை தனக்காகக் கை தட்டிக் கேட்ட கொளஞ்சியம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ருசி கண்டவள் சும்மா இருப்பாளா? கேட்காமலே கீழே போனாள். அடுத்த லிங்க்கைப் படித்தாள்.

“எங்களோடு... சேருங்கள்.”

“அது வாணாம்” என்று நர்மதா கையை நீட்டினாள். அதற்குள் தொட்டாயிற்று.

திரையில் ஒரு வாட்ஸப் குரூப் திறந்தது. மேலே அதன் பெயர். அதை எழுத்துக் கூட்டாமலே அவளால் படிக்க முடியும், அவள் பெயர்தான் அது. ‘கொளஞ்சி குடும்பம்.’ அதற்குக் கீழே காலையில் பஸ்ஸில் பேசி அனுப்பிய அவளுடைய குரல் இருந்தது. பக்கத்தில் இருந்த மைக் படம் நீலமாகியிருந்தது. கேட்டாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அது அவளுக்குத் தெரியும்.

எட்டிப் பார்த்த நிர்மலாவுக்கு நடந்தது புரிந்துவிட்டது. போன வாரம் இருசப்பன் மாமா புதுப் போன் வாங்கியபோது, குடும்பக் குரூப்பில் சேர அவள்தான் லிங்க் எடுத்து அனுப்பினாள். அதே பகலில்தான் வெப்சைட்டில் சங்கத்து குரூப்பின் லிங்க்கை ஒட்டினாள். சங்கத்து லிங்க்கை எடுத்ததாக நினைத்து, மாமாவுக்கு எடுத்ததையே ஒட்டிவிட்டாள். ஒட்டிய பிறகு ஒரு முறை தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தொட்டுப் பார்க்கவில்லை. மூன்று நாளைக்கு முன் குரூப்பில் புதிதாகச் சேர்ந்த நம்பரை மாமாவின் இரண்டாவது சிம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இளைய மருமகளின் நம்பரை அந்தக் குடும்பத்தில் ஒருவரும் போனில் சேர்த்து வைத்திருக்கவில்லை.

“இன்னா அது?” என்றாள் சாலம்மாள் பாயிலிருந்து.

நர்மதா நினைத்தால் இந்த இடத்தில் எல்லாவற்றையும் முடித்திருக்கலாம். சங்கத்துப் பெண்களைத் தன் வீட்டுக் குரூப்புக்கு அனுப்பி வைத்தவள் நிர்மலா, அதில் சங்கச் செயலாளரைத் திட்டிக் குரல் வேறு. அதைச் சத்தமாகப் போட்டுக் காட்டினால் போதும்.

“வேற குரூப்பு லிங்க்கு மாறி ஒட்டியிருக்குதுங்க்கா. அதான் பன்னண்டாவது. இப்பவே மாத்திடுவாங்க” என்றாள்.

“மாத்திட்டுச் சொல்லுங்க. அதோட முடிஞ்சிது. நல்லா இருக்குது, எங்களுக்கு சம்மதம்” என்று சொல்லிவிட்டு, சாலம்மாள் பெண்களைச் சாப்பிட அழைத்துக்கொண்டு போனாள்.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். கொளஞ்சியம்மாள் போனைக் கீழே வைக்கவில்லை.

“நீ இதுல எப்பலேந்து இருக்கற?”

“மூணு நாளா.”

“பேரப் பாத்த இல்ல? தப்பா வந்திருக்குதுன்னு தெரியும் இல்ல?”

“தெரியும்.” நர்மதா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “தொட்டதும் ஒங்க குடும்பம்னு பேரு வந்திச்சி. கீழ, சேர்றியான்னு கேட்டுது. பதினாலு மாசமா என்ன யாரும் அப்படிக் கேக்கல. கை சும்மா இருக்கல, அழுத்திட்டேன்.”

நிர்மலா லேப்டாப்பை மூடாமல் அப்படியே வந்து மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“காலைல நான் பேசினத கேட்ட?”

“கேட்டேன்.”

“அத அவங்ககிட்ட ஏன் சொல்லல?”

“லிங்க்கு மாறினது சங்கத்து விசயம். நீங்க பேசினது வூட்டு விசயம்.”

நர்மதாவே மேலே பேசினாள்.

“மொத நாளே வெளிய போயிடலாம்னுதான் இருந்தேன். ஒங்க கொரலக் கேட்டதும் அவருக்குப் போன் பண்ணிப் போட்டுக் காட்டினேன். நாத்து நட்டது, ஒங்களுக்கு முட்டி வலின்னு பேசியிருந்தீங்க இல்ல, அது. கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல. இன்னொரு வாட்டி போடுன்னாரு. அப்பறம் தெனம் காலைல அவரே கூப்புட்டு, அம்மா பேசிட்டாங்களான்னு கேக்கறாரு.”

“இன்னிக்கி?”

“இன்னிக்கிப் பேசினத போடல. நெட்டு இல்லன்னு சொல்லிட்டேன்.”

கொளஞ்சியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாள். மகன் போனதற்கு அழாதவள், ஊர் சிரித்ததற்கு அழாதவள், தன் வசவை மகன் காதுக்குப் போகாமல் ஒருத்தி மறைத்துவிட்டாள் என்பதற்காகத் தேம்பித் தேம்பி அழுதாள். இரண்டு மருமகள்களும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். யார் அவள் தோளைத் தொடுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

நிர்மலா லேப்டாப்புக்குத் திரும்பினாள். சங்கத்து குரூப்பின் லிங்க்கைக் கேட்டு வாங்கி ஒட்டினாள். இந்த முறை தொட்டுப் பார்த்தாள். சரியான குரூப் திறந்தது. அடுத்தது இன்னொரு வேலை பாக்கி. குடும்ப லிங்க் ஒரு வாரமாக ஊர் பார்க்கிற பக்கத்தில் இருந்திருக்கிறது. யார் கையில் இருக்கிறதோ. அதைச் செல்லாததாக்கிவிட வேண்டும். ஒரு தட்டு தட்டினால் பழைய லிங்க் செத்துப்போகும், புதிதாக ஒன்று வரும். தன் போனில் அதற்கான இடத்தைத் திறந்தாள்.

“இன்னா பண்ற?” என்றாள் கொளஞ்சியம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“பழைய லிங்க்க மூடறேன் அத்தே. இனிமே அத வெச்சிக்கினு யாரும் உள்ள வர முடியாது.”

“பொறு. மூடாத.”

நிர்மலா விரலை எடுத்தாள்.

கொளஞ்சியம்மாள் கையிலிருந்த போனை நர்மதாவிடம் நீட்டினாள். “மொதல்ல அத அவனுக்கு அனுப்பு.”

நர்மதா அனுப்பினாள். நீலத்தில் நீளமாக ஒரு வரி, சந்தோஷின் பெயருக்குக் கீழே போய் நின்றது. மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துவிட்டான் என்பதற்கு இரண்டு டிக்கும் நீலமானது. ஆனால் குரூப்பில் யாரும் சேரவில்லை. ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் ஆனது.

“வெறும் லிங்க்க பாத்தா யாரு தொடுவாங்க?” என்றாள் நிர்மலா மெதுவாக. “கை தவறி வந்துடுச்சின்னு நெனச்சிக்குவாரு. இது எங்க போவுது, யாரு அனுப்பினதுன்னு ஒரு வார்த்த சொல்லணும் அத்தே.”

கொளஞ்சியம்மாள் போனைத் திரும்ப வாங்கினாள். மைக்கை அழுத்திப் பிடித்தாள். தினமும் காலையில் இருபத்து மூன்று பேருக்கு மூச்சு விடாமல் பேசுகிறவளுக்கு ஒரு ஆளுக்குப் பேச வார்த்தை வரவில்லை. கீழே விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. நிர்மலா எழுந்திருக்கவில்லை.

“டேய், சந்தோசு” என்றாள் கொளஞ்சியம்மாள். “அது தப்பா வந்த லிங்க்கு இல்ல. நான்தான் அனுப்பச் சொன்னேன். ஒம்பொண்டாட்டி மூணு நாளா உள்ளதான் இருக்கறா. நீயும் வா.”

விரலை எடுத்தாள். குரல் அவனுக்குப் போயிற்று. பக்கத்தில் இருந்த மைக் படம் இன்னும் நீலமாகவில்லை.